ரைனிச் சதுப்பின் முதல் பந்தி

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே அபர்தீன்ஷையர் பகுதியில் ரைனி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டி டாப் ஓ நாத் என்ற குன்று. அதன் உச்சியில் பழங்கோட்டையின் இடிபாடு. 1978-ல் ரைனி வயலொன்றை உழுதபோது, தோளில் கோடரி சாய்த்த தாடிக்காரர் உருவம் செதுக்கிய கல் ஒன்று ஏர்முனையில் தட்டுப்பட்டது. பிக்ட் மக்கள் விட்டுப்போன கல் அது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளை ஒட்டிய அந்தப் பழமையே பெரிது என்று நினைப்போம். அதே வயல்களின் அடியில் 40 கோடி ஆண்டுப் பழமையான ஒரு சதுப்பு நிலம், செடி, பூச்சி, பூஞ்சை, கழிவு என எதுவும் கலையாமல் கல்லாகிக் கிடக்கிறது. அந்தச் சதுப்பில் ஒரு மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை நீளமுள்ள ஒரு பூச்சி வாழ்ந்தது. ரைனியெல்லா பிரிகர்சர் என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் ஈரத் தட்டை நகர்த்தினால் வெள்ளைப் பொடியாய்த் துள்ளும் பூச்சிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஸ்பிரிங்டெயில் எனப்படும் அந்தக் கூட்டத்தின் மிகப் பழைய உறுப்பினர் ரைனியெல்லாதான். அது என்ன தின்றது என்ற கேள்வி சிறியதாகத் தெரியலாம். ஆனால் நிலத்தில் உயிர்கள் எப்படிப் பசியாறத் தொடங்கின என்ற பெரிய கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. பச்சைச் செடியைப் பூச்சி கடித்தது, பூச்சியை வேறொன்று பிடித்தது என்று நாம் பள்ளியில் படித்த வரிசை ரைனிக்குப் பொருந்தாது. அங்கே முதல் பந்தியில் பரிமாறப்பட்டவை செத்த செடி, அதில் படர்ந்த பூஞ்சை, உதிர்ந்த ஸ்போர் ஆகியவையே. இதைச் சான்றுகளோடு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தச் சதுப்பைக் கண்டுபிடித்தவர் தொழில்முறை நிலவியலாளர் அல்லர். எல்கின் நகரில் மருத்துவராக இருந்த வில்லியம் மேக்கி, ஓய்வு நேரங்களில் பாறைகளை ஆராய்ந்துவந்தார். 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரைனிப் பக்கத்து வயல்வெளிகளில் சுற்றியபோது, சாந்து பூசாமல் அடுக்கிய வேலிச் சுவர்களில் சில கற்கள் அவர் கண்ணில் பட்டன. செர்ட் என்னும் கெட்டியான சிலிக்காக் கற்கள் அவை. உழும்போது கலப்பையில் இடறிய கற்களைப் பொறுக்கி, உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவராக அடுக்கி வைத்திருந்தார்கள். பாறை எங்கும் தரைக்கு மேலே தலைகாட்டவில்லை. சுவர் இல்லாவிட்டால் சதுப்பும் தெரியவந்திருக்காது. மேக்கி அந்தக் கற்களை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். செடித் தண்டின் குறுக்குவெட்டு, செல் செல்லாகத் தெரிந்தது. அதன்பின் நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த டேவிட் டெய்ட் வயலில் பள்ளம் தோண்டிப் பாறையின் இருப்பிடத்தைக் காட்டினார். ராபர்ட் கிட்ஸ்டனும் மான்செஸ்டர் பேராசிரியர் வில்லியம் ஹென்றி லாங்கும் 1917 முதல் 1921 வரை ஐந்து நீண்ட கட்டுரைகளில் அங்கிருந்த செடிகளை வருணித்தார்கள். தொல்தாவரவியலில் அந்த ஐந்து கட்டுரைகளுக்கு இணை சொல்ல அதிகம் இல்லை.

அவர்கள் காட்டிய சதுப்பு எப்படிப்பட்டது? பக்கத்தில் எரிமலைச் செயல்பாடு. தரைப்பிளவுகளிலிருந்து வெந்நீர் ஊற்றுகள் கொப்பளித்தன. ஊற்றுவாயில் கொதித்த நீர், ஓடி வழிந்து ஆறிப் பரவிய இடங்களில் குட்டைகளும் ஈரத்தரையும் உண்டாயின. அந்த ஈரத்தில் ரைனியா, அக்லோஃபைட்டான், ஹார்னியோஃபைட்டான், அஸ்டெராக்சிலான் போன்ற செடிகள் வளர்ந்தன. ரைனியா ஒரு சாண் உயரம்கூட வளராது. இலை கிடையாது, கவட்டை கவட்டையாகப் பிரியும் பச்சைத் தண்டு, நுனியில் ஸ்போர்ப்பை, அவ்வளவுதான். அவ்வப்போது ஊற்றுநீர் பெருகி இவற்றை மூழ்கடித்தது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா செடியின் திசுக்களுக்குள் ஊறி, அழுகல் முற்றுவதற்கு முன்பே இறுகியது. அதனால் நின்ற செடி நின்றபடி, பாதி அழுகியது பாதி அழுகியபடி, தண்டுக்குள் நுழைந்த பூஞ்சை இழை நுழைந்தபடியே கல்லாயிற்று. 1980-களில் அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிளைவ் ரைஸும் நைஜல் டிரூவினும் பாறையில் தங்கமும் ஆர்செனிக்கும் வழக்கத்துக்கு மாறாகச் செறிந்திருப்பதைக் காட்டி, அது வெந்நீர் ஊற்றின் வேலைதான் என்று உறுதிசெய்தார்கள். மற்றப் புதைபடிவ இடங்களில் உடல் மட்டும் கிடைக்கும். இங்கே உணவும் உண்டவரும் எச்சமும் ஒரே கல்லுக்குள் கிடைக்கின்றன. நம் கேள்விக்கு ரைனியைவிடத் தகுந்த இடம் இல்லை.

பூச்சியின் கதை 1926-ல் தொடங்குகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஸ்டான்லி ஹெர்ஸ்டும் சமரேந்திர மௌலிக்கும், வில்லியம் கிரான் என்ற பாதிரியார் திரட்டிய செர்ட் துண்டுகளை ஆராய்ந்து, ரைனியெல்லாவுக்குப் பெயர் சூட்டினார்கள். மௌலிக் இந்தியர், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் பற்றிய பெரும் நூல்வரிசையில் இலைவண்டுகளுக்கான தொகுதிகளை எழுதியவரும் அவரே. அவற்றுள் இரண்டாவது வெளிவந்ததும் அதே 1926-ல்தான். உயிருள்ள இலையைத் தின்றே வாழும் வண்டுகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஒருவர், அகன்ற இலைகள் பரவாத காலத்துப் பூச்சியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஹெர்ஸ்டும் மௌலிக்கும் அதை ஏதோ பூச்சியின் இளம்புழு என்றே கருதினார்கள். இரண்டே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ராபின் டில்யார்ட் அதன் வாயுறுப்புகள் தலைக்கூட்டுக்குள் ஒடுங்கியிருப்பதைக் கவனித்து, இது முழு வளர்ச்சியடைந்த ஸ்பிரிங்டெயில் என்றார். 1940-ல் ஸ்கோர்ஃபீல்டு இன்னும் சில துண்டுகளைப் பார்த்து அதை ஆமோதித்தார். 1981-ல் வாலியும் ஜார்செம்பாவ்ஸ்கியும் வயிற்றுப் பகுதியையும் அதில் மடங்கிய துள்ளுறுப்பையும் காட்டியபின் இனத்தைப் பற்றிய ஐயம் ஏறக்குறைய நீங்கிவிட்டது.

ஆனால் காலத்தைப் பற்றிய ஐயம் நீங்கவில்லை. கிளாஸ்கோவின் ராய் கிரௌசன் வண்டுகளைப் பற்றி உலகமே மதித்த அறிஞர். ரைனியெல்லா இன்றைய ஸ்பிரிங்டெயிலைப் போலவே இருப்பது சந்தேகத்துக்குரியது, பிற்காலப் பூச்சி ஏதோ பாறை விரிசலுக்குள் புகுந்து அகப்பட்டிருக்கும் என்று அவர் 1985-ல் வாதிட்டார். இது அலட்சியப்படுத்தக்கூடிய மறுப்பு அல்ல. ஈரப் பிளவுகளுக்குள் நுழைவது ஸ்பிரிங்டெயில்களின் இயல்பே. ஆஸ்திரேலிய ஆய்வாளர் பெனலோப் கிரீன்ஸ்லேட் 1986-ல் வாலியோடு சேர்ந்து ரைனியெல்லாவின் உறவுமுறையை ஆராய்ந்திருந்தார். கிரௌசனுக்கும் 1988-ல் விரிவாகப் பதில் எழுதினார். என் பங்குக்கு இரண்டு காரணங்கள் சொல்வேன். பூச்சி பின்னாளில் புகுந்திருந்தால், விரிசலின் தடமும் பின்னாளில் படிந்த கனிமமும் அதைச் சூழ்ந்து இருக்க வேண்டும். அதோடு இன்றைய உண்ணிகளும் புழுக்களும் கூடவே சிக்கியிருக்க வேண்டும். கிடைப்பதோ, முற்றிலும் அழிந்துபோன சிலந்தி உறவினங்களோடு அதே கல்லில் இறுகிய உடல்கள். இரண்டாவது காரணம், உருவம் மாறாமை வியப்புக்குரியதே தவிர நடக்கமுடியாதது அல்ல என்பது. ஆறுகால் உயிர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2014-ல் வெளியான பெரிய ஆய்வு, பூச்சிகளின் தோற்றத்தை சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் வைக்கிறது. அப்படியானால் ரைனிக் காலத்தில் ஒரு தேர்ந்த ஸ்பிரிங்டெயில் இருப்பதில் விந்தை இல்லை.

இனி உணவு. உடலே முதல் சாட்சி. ஸ்பிரிங்டெயில்களில் பெரும்பாலானவற்றுக்கு மூச்சுக்குழல் கிடையாது. தோல் வழியே சுவாசிக்கின்றன. அதற்குத் தோல் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தோல் சீக்கிரம் உலரும். வயிற்றின் அடியில் உள்ள ஒரு குழாய் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் அவை காலம் தள்ளுகின்றன. இப்படிப்பட்ட உடலை வைத்துக்கொண்டு வெயிலும் காற்றும் படும் தண்டில் ஏறி உட்கார்ந்து மேய முடியாது. தரையோடு படிந்த ஈரச் சருகின் இடுக்குதான் அதன் வீடு. வீடு அங்கே என்றால் சாப்பாடும் அங்கேயேதான். லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட பொடுரா அக்வாட்டிகா என்ற நீலக்கருமை நிறப் பூச்சி இன்றும் ஐரோப்பியக் குட்டைகளின் நீர்ப்பரப்பில் கூட்டமாக மிதக்கிறது. பாசியும் மட்கிய செடித்துணுக்கும்தான் அதன் இரை. காட்டு மண்ணில் வாழும் அதன் உறவுகளின் குடலைத் திறந்து பார்த்தவர்கள் பூஞ்சை இழை, ஸ்போர், பாசி, மட்கு ஆகியவற்றையே திரும்பத் திரும்பக் காண்கிறார்கள். இன்றைய பழக்கத்தை 40 கோடி ஆண்டு பின்னால் தள்ளி அப்படியே பொருத்துவது தவறு என்று ஒருவர் சொல்லலாம். சரிதான், இது மட்டும் இருந்தால் போதாது. ஆனால் தோலும் சுவாசமும் இடும் கட்டுப்பாடு அன்றைக்கும் இருந்ததே. டெவோனியன் எனப்படும் அந்தக் காலத்து வெயில் இன்றைய வெயிலைவிட இரக்கம் காட்டியிருக்காது.

இரண்டாவது சாட்சி புழுக்கை. செர்ட் துண்டுகளில் செடித் தண்டுகளுக்கு இடையே, சருகுப் படுகையில், சில வேளை வெறுமையான தண்டுக்குள்ளேயே, சிறு சிறு கழிவுக்குருணைகள் குவிந்து கிடக்கின்றன. கேட் ஹாப்குட், ஹாகன் ஹாஸ், ஹான்ஸ் கெர்ப் ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் இவற்றை வகைப்படுத்தி, வடிவத்துக்கு ஏற்பப் பெயர்களும் இட்டார்கள். நுண்ணோக்கியில் ஒரு குருணையைப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் உருண்டை. அதற்குள் கிழிந்த தண்டுத்தோல் துணுக்குகள், இடையே வளைந்தோடும் பூஞ்சை இழைகள், மேலும் இன்னதென்று பிரித்தறிய முடியாத அளவுக்கு அரைபட்ட கூழ். இன்னொரு குருணை முழுக்க ஸ்போர்களால் நிரம்பியிருக்கும்; சில உடைந்தவை, சில முழுசாகவே வெளியேறியவை. அந்தக் கூழ்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பசுந்தண்டைக் கடித்தால் தண்டுத் திசு வரிசை குலையாத துண்டுகளாகக் கழிவில் வரும். ஏற்கெனவே அழுகிக் குழைந்ததைத் தின்றால்தான் இப்படி உருவிழந்த கூழாக வரும். எந்தக் குருணை எந்த விலங்குடையது என்று பெயர்ச்சீட்டு ஒட்ட முடியாதே என்று கேட்பது நியாயம். ரைனியெல்லாவோடு அங்கே உண்ணிகளும் பலகால் பூச்சிகளும் இருந்தன. என் வாதத்துக்கு அந்தப் பெயர்ச்சீட்டு தேவையில்லை. குருணைகளை யார் போட்டிருந்தாலும், அந்தச் சருகுப்படுகையில் வாழ்ந்தவர்களின் பொது உணவு என்ன என்பதை அவை சொல்லிவிடுகின்றன. ரைனியெல்லாவும் அந்தப் படுகைவாசிதான்.

ஸ்போர் தின்பது தாவரம் தின்பது ஆகாதா? ஸ்போர் உயிருள்ளது, சத்து நிறைந்தது. இந்தப் பழக்கம் ரைனிக்கும் முந்தியது: வேல்ஸ் எல்லைப்பகுதிப் பாறைகளில், சிலூரியன் காலம் முடிந்து டெவோனியன் தொடங்கும் தறுவாயில் படிந்த ஸ்போர் நிறைந்த குருணைகளை டயான் எட்வர்ட்ஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்டார்கள். பீட்டர் கெவன், சலோனர், சாவில் மூவரும் 1975-லேயே இதை வலியுறுத்தி, பூச்சிகள் தண்டில் ஏறி ஸ்போர்ப்பையைக் கொள்ளையடித்தன என்ற சித்திரத்தைத் தீட்டியிருந்தார்கள். வெற்று ஸ்போர்ப்பைகளுக்குள் விலங்குடல்கள் கிடைப்பதை அதற்குச் சான்றாக்கினார்கள். ஆனால் அந்த உடல்கள் பேலியோகாரினஸ் என்னும் சிலந்தி உறவினத்தினுடையவை. நச்சுப்பல் போன்ற கொடுக்கு கொண்ட வேட்டை விலங்கு அது, ஸ்போர் மெல்லும் வாய் அதற்கு இல்லை. ஒளிவதற்கோ தோலுரிப்பதற்கோ அந்தப் பைக்குள் நுழைந்திருக்கும் என்பதே பொருத்தம். ஸ்போர்ப்பை முற்றி வெடித்தால் ஸ்போர் தரையில்தான் கொட்டும். கோடிக்கணக்கில் கொட்டிய அந்தத் தூளைச் சருகோடு சேர்த்து வாரித் தின்னச் செடிமேல் ஏற வேண்டியதில்லை. உதிர்ந்ததைத் தின்பதற்கும் செடியை மேய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு: முன்னது செடியின் உடலுக்கு ஒரு கேடும் செய்வதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு தண்டுகளில் இருக்கும் காயங்கள். கிட்ஸ்டனும் லாங்குமே சில தண்டுகளில் கருத்த வடுக்களையும், அவற்றை மூடச் செல்கள் புதிதாகப் பெருகியிருப்பதையும் கண்டார்கள். காயம் ஆற முயன்றிருக்கிறது என்றால் செடி உயிரோடு இருக்கும்போது அடிபட்டிருக்கிறது. அதை மறுக்க இடமில்லை. சாறு உறிஞ்சும் பூச்சி குத்திய காயம் இது என்று 1975-ன் மூவரும், பின்னர் கான்ராட் லபண்டீராவும் வாதிட்டார்கள். கிட்ஸ்டனும் லாங்கும் எரிமலைப் புகையையும் வெந்நீரையும் காரணமாக நினைத்தார்கள். கொதிக்கும் ஊற்றுக்கு அருகே நின்ற செடியில் வெந்த வடு இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. சில காயங்கள் பூச்சி குத்தியவை என்றே ஒப்புக்கொண்டாலும், அவை ரைனியெல்லாவைச் சேரா. ஊசிபோல் குத்தி உறிஞ்சும் வாய் அதனிடம் இருந்ததற்குச் சான்று இல்லை. பச்சைத் திசுவில் உண்மையாகவே குடியிருந்த ஒரு விலங்கை நாம் அறிவோம். அக்லோஃபைட்டான் தண்டின் இலைத்துளைகளுக்கு அடியிலுள்ள அறைகளில் முட்டையும் குஞ்சுமாக வாழ்ந்த நூற்புழு அது. பாய்னார், கெர்ப், ஹாஸ் மூவரும் 2008-ல் வெளியிட்டார்கள். ஆகவே ரைனியில் உயிருள்ள செடியை எதுவுமே தொடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தொட்டவை நுண்ணிய ஒட்டுண்ணிகள். அவை பந்தியின் ஓரத்தில் இருந்தன என்றே சொல்வேன்.

ஸ்பிரிங்டெயில் இனத்திலேயே பச்சை தின்னும் பூச்சி உண்டே என்று விவசாயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்டு. ஸ்மிந்துரஸ் விரிடிஸ் என்ற உருண்டைப் பூச்சி ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய், லூசர்ன், கிளோவர் போன்ற தீவனப் பயிர்களின் இலையைச் சுரண்டித் தின்று நாசம் செய்கிறது. ஆனால் அந்தப் பூச்சி உருண்டை உடல் கொண்ட தனிக் கிளையைச் சேர்ந்தது. ரைனியெல்லா நீண்ட உடல்காரர்களின் வரிசையில் வருவது. தவிர, கிளோவர் போன்ற மென்மையான இலை ரைனிச் சதுப்பில் இல்லவே இல்லை. விரலிடுக்கில் நசுங்கும் இலையைச் சுரண்டுவது வேறு, மெழுகுத்தோல் போர்த்திய தண்டைச் சுரண்டுவது வேறு.

பூஞ்சையைப் பற்றிச் சொல்லாமல் ரைனியின் சாப்பாட்டுக் கணக்கு முடியாது. அந்தக் கல்லில் எங்கு பார்த்தாலும் பூஞ்சை. அக்லோஃபைட்டான் தண்டுக்குள் செடியோடு கூட்டு வைத்து வாழ்ந்த பூஞ்சையை டாமஸ் டெய்லரும் மூன்ஸ்டரின் வின்ஃபிரீட் ரெமியும் கூட்டாளிகளும் 1990-களில் காட்டினார்கள். பாசிமேல் ஒட்டுண்ணியாக வாழ்ந்தது, பூஞ்சைமேலேயே பூஞ்சையாக வளர்ந்தது, பாசியோடு சேர்ந்து லைக்கன் போல் படர்ந்தது என்று பட்டியல் நீள்கிறது. செத்த தண்டுகளில் படர்ந்த இழைகளுக்கோ அளவே இல்லை. செடியின் கெட்டித் திசுவைப் பூச்சியின் குடல் செரிக்காது, பூஞ்சை செரிக்கும். பூஞ்சை ஊறிய சருகைத் தின்றவனுக்கு, சமைத்து வைத்த சோறு கிடைத்த மாதிரி. வில்லியம் ஷியர் 1991-ல் தொடக்ககால நில வாழ்வைப் பற்றி எழுதியபோது சுட்டியது இதைத்தான்: பழைய நிலப்பகுதிப் புதைபடிவங்களில் வேட்டை விலங்குகளும் மட்குண்ணிகளும் நிறைய, மேயும் விலங்குகளோ தென்படவில்லை. ரைனியில் சிலந்தி உறவினங்கள் ஏராளம். பூரானின் மூதாதை, அறுவடைச் சிலந்தி எல்லாம் உண்டு. இத்தனை வேட்டைக்காரர்களின் வயிற்றை நிரப்பியது யார்? சருகுக்கடியில் கூட்டமாகப் பெருகிய ரைனியெல்லா, உண்ணி போன்ற சிறு உயிர்கள்தான். வேட்டைக்காரனுக்கும் செடிக்கும் நடுவே மேய்ச்சல் விலங்கு இல்லாமலேயே, மட்கைப் பாலமாக வைத்து ஒரு முழு உணவு வலை ஓடியிருக்கிறது. இன்றைய காடுகளிலும் துளிர்க்கும் இலையின் பெரும்பகுதி கம்பளிப்புழுவின் வாய்க்குப் போவதில்லை, மண்ணுக்கே போகிறது; ரைனியில் தொடங்கிய ஏற்பாடு இன்னும் மாறவில்லை.

இந்த உண்மை ஏன் இவ்வளவு காலம் பின்னுக்குக் கிடந்தது? ஆராய்ச்சி நடந்த வரிசைதான் காரணம் என்பது என் கணிப்பு. முதலில் செடிகள் வந்தன. அவை அழகாக இருந்தன. பிறகு விலங்குகள் வந்தன. எது மிகப் பழைய பூச்சி என்ற போட்டி கவனத்தை இழுத்துக்கொண்டது. செடியும் பூச்சியும் கையில் இருந்ததால், நடுவில் கடிப்பதைக் கற்பனை செய்வது எளிதாயிற்று. பூஞ்சையையும் புழுக்கையையும் நிதானமாகப் படிக்க நூற்றாண்டின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. விலங்குகள் செடியைத் தின்றதற்கான சான்றுகளை லபண்டீரா திரட்டிய தொகுப்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஸ்போரும் தண்டும் விலங்குணவானதற்குச் சான்று சீக்கிரமே வருகிறது, வேர், இலை, மரக்கட்டை, விதை ஆகியவை தோன்றி, அவற்றைத் தின்பதற்கான சான்று வரப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. உயிருள்ள செடியைச் செரிப்பது அவ்வளவு கடினமான வித்தை.

ஆறாம் வகுப்பிலிருந்து உணவுச் சங்கிலியைப் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று வரைந்து பழகியிருக்கிறோம். அது ஒரு சங்கிலி மட்டுமே; மிகப் பழையதும் அல்ல, மிகப் பெரியதும் அல்ல. தமிழில் உயிரியல் பாடமும் கட்டுரையும் எழுதுகிறவர்கள் அதன் பக்கத்தில் செத்த செடி, பூஞ்சை, ரைனியெல்லா, சிலந்தி உறவினம் என்ற இந்தப் பழைய வரிசையையும் வரைய வேண்டும். வரையும்போது, அந்தப் பூச்சிக்குப் பெயரிட்ட இருவரில் ஒருவர் சமரேந்திர மௌலிக் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.